ஏர் என்றால் தண்ணீர்

போன ஞாயிறு முற்பகலில் ஏழு பிறை நிலாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பகலில் நிலாவா என்று கேட்காதீர்கள். தெங்கேரா மீன் கிளப்பின் கண்ணாடித் தொட்டியில் அவை நீந்திக்கொண்டிருந்தன. வெள்ளி உடல், கறுப்புக் கோடுகள். திரும்பும்போது நூலாக மெலிந்து மறைகின்றன. மீண்டும் திரும்பினால் முழு உருவம். ஏஞ்சல் மீன்கள். ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவை. எந்த ஆற்றை இவை இன்னும் கனவில் காண்கின்றனவோ என்று மனம் எங்கோ போய்விடுகிறது...

ஆனால், வந்திருக்க வேண்டியவை பன்னிரண்டு.

ஒரு பெட்டி நிறைய வாங்கினால்தான் ஹம்பர்க் வியாபாரி மீன் அனுப்புவார். ஆகவே, ஒன்றையொன்று கேலி செய்தே பொழுதுபோக்கிய தெங்கேரா கிளப்பும் பத்து பெரண்டாம் ரப்பர் தோட்டத்து ஸ்டாஃப் கிளப்பும் கைகோத்தன. தெங்கேராவில் குடியிருந்து, தோட்டத்துப் பள்ளியில் பாடம் சொல்லும் நான் பொதுச் செயலாளர். இரண்டு கிளப்பிலும் ஒரே பெண்!

சிங்கப்பூரில் ரப்பர் ஷீட்டை இறக்கிவிட்டுத் திரும்பும் தோட்டத்து லோரியில் மீன் தகரங்கள் வந்தன. டிரைவர் முனியாண்டி அண்ணனுக்கு வழியில் செய்ய வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன்: 'மணிக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து ஏர் விடவும்.'

காற்று என்று எழுதியிருக்கலாம். கொஞ்சம் நாகரிகமாக இருக்கட்டுமே என்று ஒரு சின்ன ஆசை!

தகரங்களை இறக்கும்போது அண்ணன் பெருமையோடு சொன்னார்:

"மணி தவறாம விட்டேன் டீச்சர். மூவார் ஆத்தக் கடக்க பெரிக்காகக் காத்துக் கெடந்தப்பகூட விட்டேன்."

"என்ன விட்டீங்கண்ணே?"

"ஆயேர்தான்! ரோட்டோர பைப்புல புடிச்சு."

மலாயில் ஆயேர் என்றால் தண்ணீர்.

"நான் ஏர்னுதானே எழுதினேன்?"

"ஆமா, அவசரத்துல முன்னாடி ஒரு எழுத்து விட்டுப்போச்சு. நானே சேத்துப் படிச்சிக்கிட்டேன். வெறும் ஏரை வச்சு லோரியிலயா உழ முடியும்?"

அவரைக் குறை சொல்ல முடியுமா? மூன்று மொழி தெரியும் என்று நாம் பெருமைப்படுகிறோம். எந்த நேரத்தில் எந்த மொழி நம் வாயில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிளப்பும் கூடின. தெங்கேராத் தலைவர் பிள்ளை, மலாய் கலந்தே தமிழ் பேசுகிறவர். மேசையைத் தட்டினார்.

"மருந்து கலந்த பைப் ஆயேர் ஊத்தி அஞ்சு மீனைக் கொன்னுட்டான் லா! துரைக்கு லெட்டர் போடணும். இவன் இனி லோரியே தொடக்கூடாது."

தோட்டத்து மேனேஜர் துரைக்குக் கடிதம் போனால் மறுநாளே வேலை போய்விடும். அண்ணன் வாசலில் நின்றார். அவர் சட்டைப் பையில் என் சீட்டு துருத்திக்கொண்டிருந்தது.

"யாருப்பா உன்ன ஊத்தச் சொன்னது?" கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

"யாரும் சொல்லலங்க. எனக்குத்தான் வெளங்கல."

அவர் என் பக்கம் பார்க்கவேயில்லை. நான் தொட்டியைப் பார்த்தேன். ஒரு மீன் மெல்ல மறைந்து, மெல்லத் தோன்றியது. செயலாளர் பதவியை நான் எவ்வளவு விரும்பினேன் என்பது அந்த ஒரு நிமிடத்தில்தான் எனக்கே தெரிந்தது.

எழுந்தேன்.

"துரைக்கு எழுதுவதானால் என்னைப் பற்றி எழுதுங்கள். அந்தப் பையில் இருப்பது என் கையெழுத்து."

சீட்டை வாங்கி எல்லோருக்கும் கேட்கும்படி படித்தேன். பிள்ளைதான் முதலில் சிரித்தார்.

"அடடா டீச்சர்... நான் படிச்சிருந்தாலும் ஆயேர்தான் ஊத்தியிருப்பேன் லா!"

துரைக்குக் கடிதம் போகவில்லை. ஹம்பர்க்குத்தான் போகிறது, இன்னொரு பெட்டிக்கு. டிரைவரும் அதே அண்ணன்தான். என் பதவியும் தப்பியது, ஒரு நிபந்தனையோடு: இனி நான் எழுதும் சீட்டை முனியாண்டி அண்ணன் படித்து ஒப்புக்கொண்ட பிறகே லோரி கிளம்பும்.

புதிய சீட்டை நேற்றுக் காட்டினேன். இரண்டு திருத்தம் சொல்லியிருக்கிறார்!