மரமில்லாத மலை

குருபோங்கில் அக்காவின் வீட்டுச் சுவரில், சாமி படங்களுக்குச் சமமான உயரத்தில், ஒரு வரைபடம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. வடதுருவக் கடலில் யான் மாயன் என்றொரு தீவு. அதில் பனி மூடிய ஓர் எரிமலை. வட்டத்துக்குள் வட்டமாக உயரக்கோடுகள். பதின்மூன்று வயதில் பள்ளிக்காக நான் வரைந்தது. கோணல்மாணலாகத்தான் இருக்கும்.

அது வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம்; கம்யூனிஸ்டுகள் காட்டில் ஒளிந்திருந்து சண்டையிட்ட சமயம். ஜாசின் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து லயக் குடியிருப்புகளைச் சுற்றி முள்கம்பி வேலி. பால்மரம் சீவப் போகிறவர்களை, காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி கொண்டுபோகிறார்களா என்று வாசலில் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். அக்கா மரம் சீவினாள். அவள் தயவில் நான் வாரநாட்களில் பட்டணத்தில், தெங்கேராவில் மாமா வீட்டில் தங்கி ஆங்கிலப் பள்ளியில் படித்தேன். ஒரு ஞாயிறு மாலை நான் வரைந்துகொண்டிருந்தபோது, "இந்த மலையில எத்தன மரம்?" என்று கேட்டாள். ஒன்றுகூட இல்லை, வெறும் பனி என்றேன். "அப்ப அங்க உள்ளவங்க எதச் சீவுவாங்க?" குடியிருக்க ஊரே இல்லை என்றதும் அவளுக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் காலை படத்தை மறந்துவிட்டு லாரி ஏறிவிட்டேன். அடுத்த லாரியில் கொடுத்தனுப்பலாம் என்று அக்கா அதை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். மழை பிடித்துக்கொண்டது. நனையக் கூடாதென்று மடித்து இடுப்பில் செருகியிருக்கிறாள். அதுதான் வினையாகிவிட்டது; வாசலில் பெண்களைத் தடவிப் பார்ப்பவள் அதை உருவி எடுத்துப் போலீஸிடம் கொடுத்துவிட்டாள். மலையின் படம், அதுவும் ஒளித்துவைத்து! காட்டுக்காரர்களின் மறைவிடம்தான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். இனி அடைத்து வைப்பார்கள், இல்லாவிட்டால் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள்.

பள்ளியிலிருந்து என்னை ஜீப்பில் கொண்டுபோனார்கள். போலீஸ் நிலைய வாசலிலேயே அக்காவின் குரல் கேட்டது. கங்காணியிடம் சண்டை போடும் அதே குரல்.

"தொரைகிட்ட சொல்லுங்கய்யா, அந்த மலையில ஒத்த மரம் கெடையாது. மரமே இல்லாத எடத்துல எவன் போயி ஒளிவான்?"

மொழிபெயர்ப்பாளர் சொன்னதைக் கேட்ட வெள்ளைக்கார அதிகாரி என் பையிலிருந்த அட்லஸை எடுத்து நீட்டினார். அதில் அந்தத் தீவைத் தொட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் சிரித்தேவிட்டார். போகலாம் என்றார்.

அக்கா அசையவில்லை. "படம் லேட்டானது எந் தங்கச்சி தப்பு இல்லன்னு எழுதித் தரச் சொல்லுங்கய்யா. டீச்சர் வெளிய நிக்க வைப்பாங்க."

மறந்துவிட்டுப் போனது நான்தான் என்று நான் வாயே திறக்கவில்லை. அதிகாரி படத்தின் பின்புறம் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை என்னையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பியபோது, காலையில் தன்னைப் பிடித்துக்கொடுத்த வாசல்காரியிடம் அந்தக் கையெழுத்தை விரித்துக் காட்டிவிட்டுத்தான் அக்கா உள்ளே நுழைந்தாள். எனக்கு அப்படியொரு பெருமை!

பிறகுதான் உறைத்தது. மரமில்லாத மலையை அவள் கண்டதில்லை. நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் அத்தனை பேர் முன்னால் அடித்துப் பேசியிருக்கிறாள்.

போன மாதம் என் பேத்தி கைப்பேசியில் அந்த மலையின் புகைப்படத்தைத் தேடி எடுத்து அக்காவிடம் நீட்டினாள். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஓரம் ஓரமாக நகர்த்தி வெகுநேரம் பார்த்தாள். பிறகு சுவரிலிருந்த என் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் அன்னிக்கே தொரைகிட்ட சொன்னேன்ல? ஒத்த மரம் இல்லலா!"