நான் பார்த்தும் சொல்லாத வரி

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். காளவாசல் சாஃப்ட்வேர் அலுவலகத்தில் பார்த்துப் பார்த்தே, லினக்ஸ் கம்ப்யூட்டரில் புரோகிராமை இன்ஸ்டால் செய்ய உதவும் பேக்கேஜ் கட்டக் கற்றேன். புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் ஜெனிபரை முதலாளி புகழ்ந்தால் எனக்கு வயிறு எரியும்.

அவள் கட்டிய பேக்கேஜ் ஒருநாள், தேவையில்லாத ஃபைலைக் கேட்டு இன்ஸ்டால் ஆகாமல் நின்றது. அதை விலக்கப் புது வரி எழுதியிருந்தாள். பழைய வரியை அழிக்காமல், அது இனி வேலை செய்யாது என்று நம்பி முன்னால் # மட்டும் போட்டிருந்தாள். ஆனால் அதில் இருந்தது மேக்ரோ என்ற சுருக்கக் கட்டளை; # போட்டாலும் அது விரிந்து வேலை செய்யும். புது வரியைக் கெடுக்கும். பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அவளே கண்டுபிடித்தாள்.

"இதுக்கா இம்புட்டு நாளு? உன்னை வேலையில வச்சுக்கிறதா வேணாமான்னு யோசிக்கணும்" என்றார் முதலாளி.

"அண்ணன்கிட்ட கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பாரு சார். நாந்தான் கேக்கல. இல்லண்ணே?" என்று என் பக்கம் திரும்பினாள் ஜெனிபர்.

"ஆமா" என்றேன்.

அதுவரை அவள் படிப்பின் மேல்தான் பொறாமை. இப்போது அவள் மனசின் மேலும்.