ஆவிக்கும் அப்பாவுக்கும் ஒரே எழுத்து

கோபி போய்விட்டான். நேற்றுக் காலை ஏழு மணிக்கு அவன் மகள் சுதா போன் செய்தாள்... "ஆன்ட்டி, அப்பா போயிட்டாங்க. ஜல்தி வாங்க."

மயூர் விஹாரில் அவர்கள் வீடு எங்களுக்கு அடுத்த ப்ளாக்தான். நடந்தால் ஐந்து நிமிஷம். செருப்பைத் தேடவே எனக்கு அவ்வளவு நேரம் ஆனது.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு அவனைத் தெரியாது. எழுபதுகளின் கடைசியில் நானும் அவனும் ஒரே அரசாங்க வேனில் வேலை பார்த்தோம். டெல்லியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போய், பெண்களுக்கு ஜாம், ஊறுகாய், பட்டாணியை வேகவைத்து பாட்டிலில் அடைப்பது எல்லாம் கற்றுத்தர வேண்டும்.

நான் செய்துகாட்டுகிறவள். ஸ்லைட் ப்ரொஜெக்டர், டேப், சார்ட் எல்லாம் அவன் பொறுப்பு.

என்னுடையது கும்பகோணத்தில் பரீட்சைக்குப் படித்த ஹிந்தி. அவன் டெல்லியிலேயே பிறந்தவன். ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு, தமிழ்தான் தகராறு. உயிரோடு இருந்திருந்தாலும் இந்தப் பதிவை யாராவது வாசித்துக் காட்டித்தான் கேட்டிருப்பான்.

ஸ்லைடுக்கு கமென்ட்ரி வேண்டும் என்று என் குரலை டேப்பில் பதிவு செய்தார்கள். குக்கரைத் திறக்கும் இடத்தில் ஒரு வரி... "பெஹலே பாப் கோ ஜானே தோ, பிர் டக்கன் கோலோ." முதலில் ஆவி போகட்டும், பிறகு மூடியைத் திற.

ஹிந்தியில் ஆவிக்கு அந்தப் 'பா'வை மூச்சோடு அழுத்திச் சொல்ல வேண்டும். அழுத்தாவிட்டால் அப்பா. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, என் நாக்குக்கும் அப்படித்தான்.

ஆக, முதலில் அப்பனைப் போக விடு, பிறகு மூடியைத் திற என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் ஷோவில்தான் எனக்கே தெரிந்தது. குளிர்காலம். ஸ்லைடு தெரிய வேண்டுமென்று கூடத்தின் ஜன்னல்களையெல்லாம் கம்பளியால் மூடியிருந்தோம். நாற்பது பெண்கள், நடுவில் புகைகிற அடுப்பு... கதவு அவர்களுக்குப் பின்னால்.

நான் திரைக்குப் பக்கத்தில் குக்கரோடு நிற்கிறேன். டேப்பில் என் குரல் சொல்லச் சொல்ல நான் செய்துகாட்ட வேண்டும்.

அந்த வரி வந்ததும் கூடமே சிரித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஓடவும் வழியில்லை. டேப் போய்க்கொண்டே இருக்கிறது, அடுத்த ஸ்டெப்புக்குக் கை நகர்ந்தாக வேண்டும்.

திரும்பும்போது வேனில் கோபிதான் அர்த்தம் சொன்னான். அழுதுவிட்டேன்.

மாற்றலாம் என்றால், அது ஆபீசில் அப்ரூவ் ஆன டேப். காப்பி போட்டு மற்ற வேன்களுக்கும் அனுப்பியாயிற்று. நோட் எழுதினேன். ஃபைல் நாலு மாதம் சுற்றிவிட்டு, இப்போதைக்கு மாற்றம் தேவையில்லை என்று திரும்பி வந்தது.

வேலையை விடலாம் என்றால், வீட்டுக்காரர் உடம்பு சரியில்லாமல் சம்பளமில்லாத லீவில் இருந்தார். வாரம் மூன்று கிராமம், மூன்று தடவை சிரிப்பு. என் குரலே என்னை மாட்டிவைத்திருந்தது.

"கோபி, அந்த ஒரு வரியை மட்டும் அழிச்சுடேன், யாருக்குத் தெரியப்போறது" என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்.

"அச்சா அக்கா, பாத்துக்கலாம்" என்பான். அழிக்கவே இல்லை.

இரண்டாவது குளிர்காலம் என்று நினைவு. ஒரு ஊரில் பெண்களே குக்கர் வைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். புது மருமகள் ஒருத்தி அவசரமாக மூடியில் கை வைத்தாள்.

பின்னாலிருந்து நாலைந்து பேர் ஒரே குரலில், என் தப்பு உச்சரிப்பிலேயே, "அரே, பாப் கோ ஜானே தே." அவள் சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டாள்.

கோபி என்னைப் பார்க்கவில்லை. வேனுக்குப் பின்னால் போய் பீடி பற்றவைத்தான். நானும் பின்னாலேயே போனேன்.

"ரெக்கார்டிங் அன்னிக்கே எனக்குக் கேட்டுது அக்கா. வேணும்னுதான் விட்டேன்."

ஏன் என்று நான் கேட்பதற்குள் அவனே சொன்னான்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி சார்ட் வெச்சுதான் சொல்லிக்குடுத்தோம். குக்கர் படத்துல ஆவி வர்ற இடத்தைக் காட்ட ஒரு அம்புக்குறி. ஒரு பொண்ணு அதை ஊசின்னு நெனச்சுக்கிட்டா. ஸ்வெட்டர் பின்ற ஊசியை எடுத்து அங்கேயே குத்தினா அக்கா... மூஞ்சி பூரா வெந்துபோச்சு. இந்த வேன்லதான் ஹாஸ்பிடல் கூட்டிட்டுப் போனேன்."

பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, "அந்த அம்பை வரைஞ்சது நான்தான்" என்றான். "உங்க வரிக்குச் சிரிச்சவங்க ஒருத்தர்கூட அவசரப்பட்டுத் தொறக்கலை அக்கா."

எனக்கு உடனே மனசு இளகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். "சிரிப்பு என் தலையில, நிம்மதி உனக்கா" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தேன்.

ஆனால் அழிக்கச் சொல்லி மறுபடி கேட்கவில்லை. இன்னும் ஆறு வருஷம் அந்த டேப்புக்குப் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு தடவையும் முகம் சுட்டது.

அவன் வீட்டில் அது அடுக்களைப் பேச்சாகவே ஆகிவிட்டது. சுதா சின்னவளாக இருந்தபோது குக்கர் விசில் அடித்தால் போதும், என் உச்சரிப்பிலேயே சொல்லிக் காட்டுவாள். என் எதிரிலேயே.

நேற்று மதியம் அவனைத் தூக்குகிற நேரம். சுதா அவன் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. அவள் அம்மா சொல்லிப் பார்த்தாள், சித்தப்பா சொல்லிப் பார்த்தார். பண்டிட்ஜி வாட்சைப் பார்த்தார். சின்ன ஹால், அத்தனை கூட்டம், யாருக்கும் அசைய இடமில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தேன். வாயில் வந்தது அதுதான்...

"பெஹலே பாப் கோ ஜானே தோ, பேட்டா."

நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள்... சிரித்துக்கொண்டே அழுதாள். கையை விட்டுவிட்டாள்.

இத்தனை வருஷத்தில் நேற்றுத்தான் என் உச்சரிப்பில் தப்பில்லை.

போய் வா கோபி. அந்த வரியை அழிக்க வேண்டாம்.