வள்ளத்தில் வைத்த கதிரைகள்

இரணைமடுக் குளம் அழகு என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். அந்த அழகைக் காட்டித் தங்கச்சியின் கல்யாணத்தை ஒப்பேற்றலாம் என்று எங்கள் ஐயா நினைத்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து காணிக்காகக் கிளிநொச்சிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. கிளிநொச்சிப் பக்கமான வன்னி என்றால் யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு, நடுங்கவைக்கிற குலைப்பன் காய்ச்சல்தான். கடித்துக் காய்ச்சல் பரப்பும் நுளம்பை அவர்கள் குற்றம் சொல்லவில்லை, தண்ணீரைத்தான் சொன்னார்கள். மருந்தடிக்கிற ஆட்கள் வீடு வீடாக வந்து அடித்துவிட்டுப் போனபிறகு காய்ச்சல் போய்விட்டது. பயம் போகவில்லை. எங்களிடம் வரும் உறவுக்காரர் தங்கள் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து, அதையே குடித்துவிட்டுப் போவார்கள். தங்கச்சிக்குப் பேசிய சம்பந்தங்கள் இந்தத் தண்ணீர்க் கதையிலேயே முறிந்தன. அவளுக்கோ வயது போய்க்கொண்டிருந்தது.

கடைசியாகத் தரகர் ஒரு இடம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கர். தாய் தகப்பனோடு பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் ஐயாவுக்கு யோசனை பிறந்தது.

"இந்த மண்வீட்டை மட்டும் பாத்தா ஓடிப்போயிடுவினம். வள்ளத்தில ஏத்திக் குளத்தைக் காட்டுவம்."

"பொம்பிளை பாக்க வருகினமோ, குளம் பாக்க வருகினமோ?" என்று கேட்டேன்.

"நீ வாயைப் பொத்திக்கொண்டிரு. இவ்வளவு நல்ல தண்ணியை அவை சீவியத்தில கண்டிருக்கமாட்டினம்."

குளத்தில் மீன் பிடிக்கிற ஒருவரின் வள்ளத்தைப் பேசி எடுத்தோம். அவரும் நானும் சாம்பலும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தோம். மீன் நாற்றம் போகவில்லை. அதற்குள் ஐயா, வருபவர்கள் உட்காரவென்று கடைக்காரரிடம் இரண்டு கதிரைகளை இரவல் வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணை, வள்ளத்தில கதிரை வையாதேங்கோ. ஆட்டம் குடுக்கும்" என்றார் வள்ளக்காரர்.

"சம்பந்தி பகுதியை மீன் போடுற பலகையில குந்தச் சொல்லுறியோ?"

கதிரைகள் ஏறின. மரியாதை என்று வந்தால் எங்கள் ஆட்களுக்கு மூளை வேலை செய்யாது.

மாசி மாதம். குளம் நிரம்பிக் கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வாடகைக் காரில் வந்தார்கள். தங்கச்சி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "வழியிலதான் குடிச்சனாங்கள்" என்று தாய்க்காரி கோப்பையைத் தள்ளிவைத்தாள். மகன் எடுத்த கோப்பையைத் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான். அப்போதே இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

வள்ளத்தில் தாய்க்காரியும் தகப்பனும் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். தாய்க்காரியின் மடியில் தண்ணீர்ப் போத்தல். மற்ற எல்லோரும் கீழே. தண்ணீருக்குள் செத்து நின்ற மரங்களில் நீர்க்காகங்கள் இருந்தன. ஐயா ஒன்றையும் விடவில்லை. "அங்க தெரியிற துருசாலதான் தண்ணி திறந்து விடுறவை. எங்கட வயல் முழுக்க இந்தத் தண்ணியிலதான் விளையுது. பாருங்கோ, எவ்வளவு தெளிவு!" தாய்க்காரி மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

நடுக்குளத்தில் காற்று எழும்பியது. ஒரு அலை பக்கவாட்டில் அடித்ததும் தாய்க்காரியின் கதிரை வழுக்கியது. அவள் பயந்து எழுந்தாள்.

"இருங்கோ அம்மா, எழும்பாதேங்கோ!" என்று வள்ளக்காரர் கத்தினார்.

மகன் பாய்ந்து தாயைப் பிடித்து உள்ளே தள்ளினான். அவனும் கதிரையும் தண்ணீருக்குள் போனார்கள். நான் குதித்து அவனை இழுத்துவந்தேன். அவன் வள்ளத்தில் கிடந்து இருமினான். உயிர் இருக்கிறதா என்று தாய்க்காரி பார்க்கவில்லை.

"மேனே, தண்ணி குடிச்சிட்டியோ? உண்மையைச் சொல்லு, குடிச்சிட்டியோ?"

"ரெண்டு மிடறு உள்ள போயிட்டுது அம்மா" என்றான். இருமிக்கொண்டே சிரித்தான். "நல்லாத்தான் இருக்கு."

அவளைத் தவிர எல்லோரும் சிரித்தோம். மிதந்த கதிரையை வள்ளக்காரர் பிடித்து ஏற்றினார். வாய் கொப்பளிக்கச் சொல்லித் தாய் போத்தலை நீட்ட, மகன் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி கொடுத்த துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டு, அவளை நேரே பார்த்து, "அந்தத் தேத்தண்ணி இன்னும் இருக்கோ?" என்று கேட்டு வாங்கிக் குடித்தான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது. ஐயா சம்பந்தம் சரிவந்துவிட்டது என்றே நம்பி, ஒரு மூட்டை புது அரிசியைக் காரில் ஏற்றிவிட்டார்.

அடுத்த கிழமை தரகர் தனியே வந்தார்.

"பெடியனுக்குக் காய்ச்சல். உங்கட தண்ணி உள்ளுக்குப் போனதாலதான் எண்டு தாய் நிக்கிறா. சரிவராதாம்."

"நனைஞ்சவனுக்குத் தடிமன் காய்ச்சல் வராமல் என்ன வரும்?" என்று கத்தினேன்.

"எனக்கேன் கத்திறாய்? நானோ தாய்?"

"பெடியன் என்ன சொல்லுறான்?"

"அவன் என்னத்தைச் சொல்லுறது. தாய் சொன்னாச் சரி."

குசினிக்குள் நின்ற தங்கச்சி வெளியே வந்தாள்.

"அரிசி என்னவாம்?"

"என்ன அரிசி, பிள்ளை?"

"ஐயா ஏத்திவிட்டது. அதுவும் இந்தத் தண்ணியிலதானே விளைஞ்சது. கொட்டினவையோ, சமைச்சவையோ?"

தரகர் செருப்பைத் தேடிக் காலில் மாட்டினார்.

"நல்ல அரிசி எண்டு தாய் சொன்னவா" என்றார்.

அவள் உள்ளே போய்விட்டாள். அவன் சுகமாகி, அந்த வருடமே அங்கேயே ஒருத்தியைக் கட்டினான். தாய்க்காரியை விட அவனில்தான் எனக்குக் கோபம். நல்லாத்தான் இருக்கு என்று எங்கள் முன்னால் சொன்ன வாய், வீட்டில் ஒரு சொல் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த இடங்களுக்கு, குளத்தில் விழுந்து காய்ச்சல் வந்த கதையும் போய்ச் சேர்ந்திருந்தது. ஒன்றும் சரிவரவில்லை. தங்கச்சி எங்களோடேயே இருந்தாள். வயலுக்கு வருவாள், நெல் அவிப்பாள், என் பிள்ளைகளைப் பார்ப்பாள். குளத்தடிக்கு மட்டும் பிறகு போகவில்லை. வாய்க்காலில்தான் குளித்தாள். அதில் ஓடுவதும் அதே தண்ணீர்தான்.