புதுப் பெயிண்ட் அடித்த ரேக் கால்

மாக் மண்டின் தொழிற்பேட்டையில், எங்கள் கிடங்கில் சரக்கு அடுக்கும் ரேக்குகளைச் சோதிக்க வந்தவர் ஒல்லியான ஆள். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, ஒவ்வொரு இரும்புக் காலையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். என் ஃபோர்க்லிஃப்ட் வண்டி இடித்து நெளிந்த காலை, வேலை போய்விடுமோ என்று பயந்து, நானே நீலப் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தேன்.

விரல் அங்கே நின்றது.

"இந்தக் காலுக்கு மட்டும் தீபாவளியா, அண்ணே?"

நான் வண்டிச் சாவியைப் பைக்குள் தள்ளினேன்; அவர் ரேக்கை அண்ணாந்து பார்த்தார்.

"சரி லா. இதுக்குக் கீழே யாரு வேலை செய்யிறது?"

"பேக்கிங் அக்காங்க மூணு பேரு..." அதற்குமேல் மறைக்க முடியவில்லை. "நான்தான் இடிச்சேன்."

அவர்களை உடனே வெளியேற்றி, சரக்கை இறக்க வைத்தார். சோதனைப் படிவத்தில் இடித்தவர் பெயரை மட்டும் எழுதவில்லை. ஏனென்று இன்றும் புரியவில்லை.

இப்போது எல்லாக் கால்களையும் தடவிவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறேன். ஏறியபின், ஒன்றை விட்டுவிட்டேனோ என்று மறுபடி இறங்குகிறேன்.