கிளட்ச் தட்டின் மறுபக்கம்

ஐஸ்காரர் என்றால் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். ஐஸ் கம்பெனியில் எஞ்சின் ஓட்டுகிறவர். ஆனால் ஆயுசில் ஒருத்தருக்கும் ஐஸ் வைத்ததில்லை. முதலாளிக்கு வைக்கவில்லை, மாமனாருக்கு வைக்கவில்லை, கட்டிய பெண்டாட்டிக்கும் வைக்கவில்லை. "நல்லா இருக்கீங்களா?" என்று யாராவது கேட்டால், "ஏன், பாத்தா எப்படித் தெரியுது?" என்று திருப்பிக் கேட்கிற ஆள்.

பள்ளிக்கூடத்துக்குச் சின்ன வயதிலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கம்பெனிக் கொட்டகைக்குள் நுழைந்தவர், அங்கேயே தலை நரைத்தார். அந்த டீசல் எஞ்சின் ஒரு குடிசை அளவு இருக்கும். அது இருமினால் எதற்கு இருமுகிறது, முனகினால் எங்கே வலிக்கிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். ஆனால் ஒன்று. அது நின்ற இடத்தில் ஓடுகிற எஞ்சின். அதற்குச் சக்கரம் கிடையாது, கியர் கிடையாது, கிளட்ச்சும் கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் வீட்டு முன்னறையில் ஒரு கட்டில். கட்டிலில் மச்சான், அதாவது பெண்டாட்டியின் அண்ணன். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பெண்டாட்டி முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி இல்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிரித்ததும் தங்கச்சி போய்க் கையோடு கூட்டி வந்துவிட்டாள். வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். போனால் உயிர். போகாவிட்டால் உடம்புக்குள்ளேயே தண்ணீர் கட்டி மூச்சை அடைத்துவிடும்.

இருவருக்கும் ஏழாம் பொருத்தம். கண்டக்டருக்கு வாய் ஓயாது. ஐஸ்காரருக்குப் பேச்சே பிடிக்காது. "உங்க அண்ணன் வாய்க்கு ஒரு ஸ்டாப்பிங் கிடையாதா?" என்பார் மனைவியிடம். "மாப்ளே சிரிச்சா ஐஸ் உருகிடும்னு கம்பெனியில எழுதி வாங்கியிருக்காங்க போல," என்பார் கண்டக்டர். இருந்தும் தினமும் காலையில் ஐஸ்காரர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை மூடிபோட்ட கிண்ணத்தில் கம்பெனிக்கு எடுத்துப் போவார். ஐஸ் கட்டிகள் உறைகிற உப்புத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு ஓரமாக இறக்கி உறைய வைத்து, துணியில் கட்டி உடைத்து, பிளாஸ்கில் போட்டுக் கொண்டுவருவார். கண்டக்டர் நாளுக்கு ஒரு சின்ன பாட்டிலுக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஒரு துண்டு ஐஸை வாயில் அடக்கிக்கொண்டால் தாகம் கொஞ்சம் அடங்கும். பிளாஸ்கை டக்கென்று வைத்துவிட்டுப் போய்விடுவார். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக இருந்தது ஒரு கிழட்டுக் கார். அதில்தான் வேலைக்கும் போவார், அதில்தான் மச்சானையும் ஏற்றிப் போவார். ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் எஞ்சினுக்குள் படீரென்று ஒரு சத்தம். உள்ளே இருந்த தண்டு உடைந்து, இரும்பைப் பிளந்துகொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. "செத்துப் போச்சு," என்றார் ஐஸ்காரர். "நானா, வண்டியா?" என்றார் கண்டக்டர்.

அடுத்த தடவைக்கு வாடகைக் கார் வந்தது. திரும்பும்போது கண்டக்டர் சீட்டெல்லாம் வாந்தி எடுத்துவிட்டார். அதன் பிறகு அந்த டிரைவர் போனை எடுக்கவில்லை. அவன் என்ன சொன்னானோ, மற்ற டிரைவர்களும் எடுக்கவில்லை. ஒரு தடவை தவறிப்போனது. கண்டக்டரின் கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடினார். "அடுத்த தடவையும் விட்டீங்கன்னா எங்களைக் குத்தம் சொல்லாதீங்க," என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ் போனில்.

ஐஸ்காரர் லீவு சொல்லிவிட்டுக் காயலான் கடைகளை அலசினார். பின்பக்கம் லாரி மோதி நசுங்கிய அதே ரகக் கார் ஒன்று ஊர்க்கோடியில் கிடைத்தது. முன்பக்கத்துக்குச் சேதமில்லை. எஞ்சின் முகப்பில் ஸ்பானர் போட்டுச் சுற்றிப் பார்த்தார், எண்ணெயைத் தொட்டு மோந்து பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். "பொண்ணு பாக்க வந்தியா, எஞ்சின் பாக்க வந்தியா?" என்றான் கடைக்காரன். "பொண்ணுன்னா இவ்ளோ பாக்க மாட்டேன்," என்று கழற்றி ஏற்றிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி நாளன்று மத்தியானத்துக்குள் கார் ஓடியாக வேண்டும். கம்பெனியிலிருந்து பாரம் தூக்குகிற செயின் பிளாக்கைக் கேட்டு வாங்கி, வீட்டு வாசலில் மூன்று இரும்புக் குழாய்களை முக்காலியாக நிறுத்தித் தொங்கவிட்டார். செத்த எஞ்சினை வெளியே எடுத்தார். கியர் பாக்ஸ் காரிலேயே ஜாக்கி மேல் நின்றது. எஞ்சினையும் கியரையும் சேர்த்துப் பிடிக்கிற கிளட்ச் தட்டு, வந்த எஞ்சினோடு இருந்தது, எண்ணெயில் ஊறிக் கிடந்ததால், அதைக் குப்பையில் வீசிவிட்டுப் புதுத் தட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தார். கண்டக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, அந்தத் தட்டுல ஏதோ எழுதியிருக்கு. ஒரு தடவ பாத்துட்டு மாட்டுங்க."

"கம்பெனி பேரு எழுதியிருப்பான். டிக்கெட் கிழிச்சவரெல்லாம் எனக்கு எஞ்சின் சொல்லித் தர வேணாம். மூச்ச மிச்சம் பிடிச்சு வைங்க மச்சான்."

கண்டக்டர் வாயை மூடிக்கொண்டார். ஐஸ்காரர் அவர் மேலிருந்த கடுப்பில் தட்டை எடுத்த கையோடு வைத்து முறுக்கினார்.

மனைவி சங்கிலியை இழுக்க, எஞ்சின் ஆடி ஆடி இறங்கியது. கண்டக்டரால் எவ்வளவு நேரம்தான் சும்மா இருக்க முடியும்? பஸ்ஸைப் பின்னால் எடுக்கிற மாதிரி கையை ஆட்ட ஆரம்பித்தார்.

"வரலாம்... வரலாம்... லெஃப்ட்ல கொஞ்சம்... ஹோல்டான்!"

"இவரு வேற," என்று பல்லைக் கடித்தார் ஐஸ்காரர்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுறீங்களா? எனக்குக் கை கழண்டு போகுது," என்றாள் அவள்.

எல்லாம் பூட்டி, எண்ணெய் ஊற்றி, சாவியைத் திருப்பினார். இரண்டு தடவை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. என்ன சத்தம் என்கிறீர்கள்! வெண்ணெய் மாதிரி. மனைவி எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஐஸ்காரர் கிளட்சை மிதித்து, கியரைத் தள்ளினார்.

கரகரவென்று கியரின் பல் உரசியது. விழவில்லை. மறுபடி மிதித்தார். விழவில்லை. அடியில் புகுந்து கேபிளை இறுக்கினார், தளர்த்தினார். பெடல் போகிறது, வருகிறது. ஆனால் கிளட்ச் எஞ்சினை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தது.

எழுந்து போய்க் குப்பையிலிருந்து பழைய தட்டை எடுத்தார். ஒரு பக்கம் சமமாக இருந்தது. மறுபக்கம் நடுவில் ஸ்பிரிங்குகள் புடைத்துக்கொண்டிருந்தன. புடைப்பு எஞ்சின் பக்கம் போனால் அங்கே முட்டிக்கொண்டு நிற்கும், விலகாது. கார் மெக்கானிக் எவனும் செய்யாத தப்பு. புதுத் தட்டை எப்படி வைத்தோம் என்பது கைக்கு ஞாபகம் இருந்தது.

எல்லாவற்றையும் மறுபடி கழற்றினால்தான் தட்டைத் திருப்ப முடியும். ஆள் இருந்தாலும் இன்னொரு நாள் ஆகும். கண்டக்டரிடம் இன்னொரு நாள் இல்லை. மூச்சு ரம்பம் போட்டு மரம் அறுக்கிற மாதிரி வந்துகொண்டிருந்தது. உதடு கறுத்திருந்தது. மனைவி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். வண்டியெல்லாம் வெளியே போயிருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்தார்கள். தெருமுனையையே பார்த்துக் கண் பூத்துப்போனது.

"என்னங்க, அண்ணனுக்குக் கண்ணு சொருகுதுங்க," என்றாள் அவள், குரல் உடைந்து.

ஐஸ்காரர் நாற்காலி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "மச்சான். தட்டைத் திருப்பி மாட்டிட்டேன்."

கேலி வரும் என்று தலையைக் குனிந்துகொண்டார். வரவில்லை. கண்டக்டர் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினார்.

"எங்க டிரைவர் ஒருத்தரு... கிளட்ச் கேபிள் அறுந்த பஸ்ஸ... டிப்போ வரைக்கும் ஓட்டினாரு. ஆஃப் பண்ணிட்டு... முதல் கியர்ல போட்டு... அப்படியே சாவியத் திருப்புவாரு. துள்ளிக்கிட்டு... கிளம்பும்."

"அடுத்த கியரு?"

"சத்தம் கேட்டுத்தான் போடணும்... அது உங்களுக்குத் தெரியாததா?"

முன் சீட்டில் கண்டக்டரைச் சாய்த்து உட்கார வைத்தார்கள். பின்னால் மனைவி, மடியில் பிளாஸ்க். முதல் கியரில் போட்டுச் சாவியைத் திருப்பினார். முரட்டு மாடு கயிற்றை இழுக்கிற மாதிரி கார் எகிறி, எகிறி, கிளம்பியே விட்டது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார், கியரை நடுவில் விட்டார். எஞ்சின் சத்தம் இறங்க இறங்கக் காத்திருந்து, சரியான இடம் வந்ததும் இரண்டு விரலால் தள்ளினார். அடுத்த கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. கொட்டகைக்குள் இத்தனை வருஷம் எஞ்சின் சத்தம் கேட்ட காது அதற்காவது உதவியது.

நிற்கக் கூடாது. நின்றால் அணைத்துவிட்டு மறுபடி துள்ள வேண்டும். ஒவ்வொரு துள்ளலிலும் பேட்டரி சாகும். கண்டக்டர் பஸ்ஸில் தட்டுகிற மாதிரியே கதவில் உள்ளங்கையால் தட்ட ஆரம்பித்தார். ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு தட்டு என்றால் போ. கத்த மூச்சில்லாததால் தங்கச்சியிடம் சைகை காட்டினார். அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள்.

"வழி விடுங்க! கிளட்ச் இல்ல!"

"கிளட்சுனா... எவனுக்குப் புரியும்? பிரேக் இல்லன்னு... சொல்லு."

"ஐயோ, பிரேக் இல்ல! பிரேக் இல்ல!"

தெரு பிளந்து வழிவிட்டது. சைக்கிள்காரன் சாக்கடை ஓரம் போய் நின்று திட்டினான். ஆனாலும் சிக்னல்கள் யார் கத்தலுக்கு மசியும்? மூன்று இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. முதலில் எகிறியது. அடுத்ததில் முனகியது. ஆஸ்பத்திரியின் மஞ்சள் மதில் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், சாவியைத் திருப்பினால் டிக் என்று மட்டும் சத்தம் வந்தது. மறுபடி டிக். பின்னால் ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டது.

கண்டக்டரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கை மட்டும் கதவில் கிடந்தது. "மச்சான். மச்சான், தட்டுங்க," என்றார் ஐஸ்காரர். "தட்டுங்கன்னு சொல்றேன்ல!" அவர் குரல் அப்படி நடுங்கி மனைவி கேட்டதே இல்லை.

கை மெல்ல எழுந்தது. ஒரு தட்டு. கொஞ்சம் விட்டு, இன்னொன்று.

பஸ்ஸிலிருந்து இறங்கிச் சண்டைக்கு வந்துகொண்டிருந்த இளவட்டக் கண்டக்டர் ஒருவன் அந்த இரண்டு தட்டையும் கேட்டான். குனிந்து உள்ளே பார்த்தான். திட்ட வாயைத் திறந்தவன், விசிலை வாயில் வைத்து ஊதினான். "இறங்குங்க எல்லாரும்! ஆளு சீரியஸ், தள்ளுங்க!" பஸ்ஸே காலியானது. எத்தனை கைகள் என்று ஐஸ்காரருக்குத் தெரியவில்லை. கார் உருண்டு வேகம் பிடித்ததும் கியரைத் தள்ளினார். எஞ்சின் ஒரு உலுக்கலோடு உயிர்பெற்று, ஆஸ்பத்திரி வாசலுக்குள் போய்ப் படிக்கட்டில் இடித்து நின்றது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போட்டு ஓடினார்கள்.

இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து உள்ளே விட்டார்கள். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. கண்டக்டர் கண்ணைத் திறந்தார். வாய் காய்ந்து ஒட்டியிருந்தது. ஐஸ்காரர் நர்ஸைக் கேட்டுவிட்டு, பிளாஸ்கில் உருகாமல் மிச்சமிருந்த ஒரே ஒரு துண்டை அவர் நாக்கில் வைத்தார்.

"இதோட... பொழச்சேன்னு நெனைக்காதீங்க மாப்ளே. நாளை மறுநாள்... மறுபடி வரணும்."

"தெரியும். பேசாதீங்க."

ராத்திரி ஆஸ்பத்திரி ஆட்கள் தள்ளிக் கிளப்பிவிட்ட அதே காரில் மூவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் விடிந்ததும் முக்காலி மறுபடி நின்றது. எஞ்சின் மறுபடி சங்கிலியில் தொங்கியது. உடம்பு முழுக்க வலி. நாளைக்குள் முடியுமா என்று அவருக்கே தெரியவில்லை. தட்டைக் கழற்றி, துணியால் துடைத்து, நேராக நாற்காலிக்குப் போய்க் கண்டக்டரின் மடியில் வைத்தார்.

"படிங்க."

கண்டக்டர் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஸ்டாப்பிங் பெயர் சொல்கிற பழைய ராகத்தில், இருந்த மூச்சில் சொன்னார்.

"இந்தப் பக்கம்... எஞ்சின் பக்கம்."

ஐஸ்காரர் அந்தப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் வரைக்கும் விரலை எடுக்கவேயில்லை.