சீவாத தலை

போன சனிக்கிழமை காலை எங்கள் தெருவின் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி வந்தது. மூன்றாம் வீட்டு மாரீனின் நாயை முந்தின மாலையிலிருந்து காணவில்லை. கால்வாய்க்குப் பின்னால் இருக்கும் காட்டை மதியம் எல்லோருமாகச் சேர்ந்து 'கோம்' செய்யப் போகிறோம், அதாவது அங்குலம் அங்குலமாகத் தேடப் போகிறோம், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள், முடிந்ததும் தேநீரும் கேக்கும் உண்டு. கீழே சிரித்த முகங்கள், உயர்த்திய கட்டைவிரல்கள், நாயின் படம். இங்கிலாந்தின் வடக்கே, ஒரு காலத்தில் கம்பளி ஆலைகளால் பிழைத்த இந்தச் சிறு நகரத்துக்கு நான் வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. நாலு மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலம்கூடப் பழகிவிட்டது. அந்த ஒரு சொல்லைத் தேநீருக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க மட்டும் இன்னும் பழகவில்லை.

சித்தூர், திருப்பதி பக்கம் அந்தச் சொல் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும். தெலுங்குப் பத்திரிகைகள் 'கூம்பிங்' என்று எழுதும்; ஆந்திர எல்லையோர ஊரான நகரியில் இருக்கும் தமிழர்களான நாங்களும் அப்படியே சொல்வோம். போலீஸ் துப்பாக்கியோடு செம்மரக் காட்டுக்குள் வரிசையாக நடந்து, தமிழ்நாட்டிலிருந்து திருட்டுத்தனமாக மரம் வெட்ட வரும் கூலிகளைத் தேடுவது கூம்பிங். தலை வாருகிற சீப்புக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று அங்கே யாரும் நினைப்பதில்லை. திருப்பதியில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்த காலத்தில் அதை எத்தனையோ தலைப்புகளில் வைத்திருக்கிறேன். எனக்கும் தோன்றியதில்லை.

இங்கே வந்த பிறகுதான், வேலையில்லாத முதல் குளிர்காலத்தில், நகர நூலகத்தின் பெரிய அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். பழைய மூலத்தில் அதற்குப் பொருள் பல். சமஸ்கிருதத்தில் பல்லைக் குறிக்கும் 'ஜம்ப' அதற்குத் தூரத்து உறவு. ஜெர்மானியர்களின் 'கம்' நெருங்கிய உறவு. சேவலின் கொண்டை, தேன்கூட்டின் அறைகள், கம்பளியைச் சிக்கெடுக்கும் இரும்பு முட்கள் எல்லாம் இதே பெயரால் அழைக்கப்படுகின்றன. இந்த ஊர் ஆலைகளில் அந்த முட்களோடு வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் என் அண்டைவீட்டார். தேடுவது என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது: ஓர் இடத்தைப் பல் பல்லாக வகிர்ந்து பார்ப்பது. நம் மொழியிலும் சீவுதல் அத்தனை சாதுவான சொல் அல்ல. தலையையும் சீவுகிறோம், இளநீரையும் சீவுகிறோம். சீவாத தலைக்கு ஆங்கிலத்தில் உள்ள 'அன்கெம்ப்ட்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து முளைத்தது என்று படித்தபோது அகராதியை மூடிவைத்தேன். அந்தச் சொல்லை நான் முன்பே ஒரு போலீஸ் குறிப்பில் பார்த்திருந்தேன். என் தம்பியைப் பற்றியது.

பாபு என்னைவிட ஐந்து வயது இளையவன். நகரியில் விசைத்தறி ஓட்டிவந்தான். தறிப் பஞ்சு தலையில் ஒட்டும் என்பதால் சட்டைப்பையில் எப்போதும் சீப்பு வைத்திருப்பான். தண்ணீர் தொட்டு வகிடெடுத்த பிறகுதான் தெருவில் இறங்குவான். அவன் மனைவி தேவி திருத்தணிப் பக்கத்துப் பெண். எங்கள் பக்கத்தில் மனைவி உண்டாகியிருக்கும்போது கணவன் முடி வெட்டக்கூடாது, சவரம் செய்யக்கூடாது. செய்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. தமிழர், தெலுங்கர் இரண்டு வீடுகளிலும் இது உண்டு. தேவி முதல் முறை உண்டானபோது ஒரு கல்யாணத்துக்காகப் பாபு சவரம் செய்துகொண்டான். அடுத்த வாரம் கர்ப்பம் கலைந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் சொன்னார், நானும் சொன்னேன். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். இரண்டாம் முறை கத்தரிக்கோல் அவன் பக்கமே வரவில்லை. பிரசவம் நல்லபடி முடிந்தால் அந்த முடியைத் திருமலையில் கொடுப்பதாக வேண்டிக்கொண்டான். எட்டாம் மாதத்தில் தாடி நெஞ்சைத் தொட்டது. உதிரும் ஒவ்வொரு முடியும் சாமியுடையது என்று சீப்பையும் ஒதுக்கிவிட்டான்.

தேவிக்கு ரத்த அழுத்தம் ஏறியதால் திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வீட்டிலிருந்து சாப்பாடு எடுத்துக்கொண்டு பாபு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். வடமாலபேட்டை தாண்டி ஓரிடத்தில் போலீஸார் பஸ்ஸை நிறுத்தினார்கள். முந்தின இரவு மலையில் கூம்பிங் நடந்து சிலர் தப்பியிருந்தார்கள். பாபு அப்போது தேவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். "வந்துக்கினே கீறேம்மே, நீ துன்னாம இரு, சூடா எடுத்தாறேன்" என்று சொன்னது அதிகாரியின் காதில் விழுந்தது.

"எவர்ரா நூவு? அரவோடிவா?" தமிழனா என்று கேட்கிறார்.

"லேது சார், மாதி நகரி" இல்லை சார், எங்கள் ஊர் நகரி என்று அவன் தெலுங்கில்தான் பதில் சொன்னான். நாங்கள் படித்ததெல்லாம் தெலுங்கில்தானே.

"தெலுகு பாக நேர்ச்சுகுன்னாவே." நன்றாகக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாயே என்றாராம் அதிகாரி. பின்னால் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

தலை ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டபோது காரணத்தைச் சொன்னான். வயதான ஒரு கான்ஸ்டபிள் மெல்ல, "எங்க வீட்டுலயும் இப்படித்தான் சார்" என்று தெலுங்கில் சொன்னார். அதிகாரி திரும்பிப் பார்த்ததும் அவர் சாலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அடையாள அட்டை ஆஸ்பத்திரியில் தேவியின் கோப்போடு இருந்தது. பாபுவை இறக்கிக் கொண்டுபோனார்கள்; சாப்பாட்டுத் தூக்கு மட்டும் பஸ்ஸிலேயே திருப்பதி போய்ச் சேர்ந்தது.

அன்று மாலை போலீஸ் அனுப்பிய படமும் குறிப்பும் என் மேசைக்கு வந்தன. அந்தப் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி: முன்னால் அடுக்கிய கட்டைகள், நடுவில் குத்துக்காலிட்ட ஆட்கள், பின்னால் நிற்கும் சீருடைகள். குறிப்பில் தமிழ்நாட்டுக் கூலிகள் என்றும், தலை சீவாமல் காட்டில் பல நாள் ஒளிந்திருந்த தோற்றம் என்றும் இருந்தது. இடமிருந்து மூன்றாவது பாபு. ஆசிரியரிடம் சொல்லி எங்கள் பத்திரிகையிலிருந்து படத்தை நீக்க முடிந்தது. மற்றப் பத்திரிகைகளில் வந்தது. அவனுக்கு இடப்புறம் உட்கார்ந்திருந்தவரை இப்போதும் நினைக்கிறேன். கால்களில் முள் கீறல், சட்டையில்லை. அவர் காட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அவருக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். அவருக்காக யாரும் எந்த மேசையிலிருந்தும் எழவில்லை, நானும் எழவில்லை.

ஜாமீன் கிடைக்கும் வரை பாபு சிறையில் இருந்தான். நைனாவும் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) நானும் பார்க்கப் போனபோது அவன் வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"யக்கா, இங்க பேன் கீதுன்னு எல்லாருக்கும் மொட்டை அடிக்கிறானுங்க. என்னை மட்டும் உட்டுடச் சொல்லு. மத்தது இன்னா வேணா பண்ணிக்கட்டும்."

சொன்னேன். பத்திரிகைக்காரி என்பதால் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். ஆகட்டும் அம்மா என்றார்கள். மறுநாள் வரிசையில் அவன் முறை வந்தபோது என்னிடம் ஆகட்டும் என்றவர் பணியில் இல்லை. அந்த வாரம் தேவிக்குக் குழந்தை இறந்து பிறந்தது. ரத்த அழுத்தம்தான் காரணம் என்றார் மருத்துவர். நான் நம்புகிறேன். தேவியும் நம்புவதாகத்தான் சொல்கிறாள். பிறகு வழக்கு நிற்கவில்லை, பாபுவின் பெயரை நீக்கிவிட்டார்கள். யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை நானும் காட்டுக்குப் போனேன். பிர்ச் மரங்களுக்கு நடுவே கைநீட்டும் தூரம் விட்டு வரிசையாக நடந்தோம். என் பக்கத்தில் மாரீன்.

"இதற்கு முன்பு இப்படித் தேடப் போயிருக்கிறாயா?" என்று கேட்டார்.

"போனதில்லை. ஆனால் எங்கள் ஊரில் இப்படித் தேடியபோது என் தம்பி அகப்பட்டான்."

"அடப் பாவமே, சின்னப் பையனாக இருக்கும்போதா? நல்லவேளை, கிடைத்தானே" என்று என் கையைப் பிடித்து அழுத்தினார். ஆமாம், கிடைத்தான் என்றேன். விளக்க ஆரம்பித்தால் தேநீர் ஆறிவிடும். நாய் அதற்குள் தானாகவே வீடு திரும்பியிருந்தது.

தேவி இப்போது மறுபடி ஆறு மாதம். உண்டான செய்தியைச் சொன்ன அன்றே பாபு கேட்டான்: "வெட்டிக்கட்டுமா, வேணாவா? நீ படிச்சவ, சொல்லு." வெட்டினால் பிள்ளைக்குப் பயம், வளர்த்தால் பஸ்ஸில் ஏறப் பயம். மூடநம்பிக்கை என்று நான் தைரியமாக எழுதிய பத்திகள் உண்டு. அவனிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. உனக்கு எது பயம் குறைவோ அதைச் செய் என்றேன். அவன் முடியை வளர்த்தான்; வளர்த்துக்கொண்டு எல்லையைத் தாண்டித் திருத்தணிப் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். அங்கே நீண்ட முடி வெறும் முடிதான். "சாமியாரா பூடுவான்னு பாத்தேன், மாமியார் ஊட்டுக்குப் பூட்டான்" என்று போனில் நைனா சிரிக்கிறார். தறியை அவர்தான் ஓட்டுகிறார். அங்கே பாபுவுக்கு நிலையான வேலை இல்லை. டீக்கடையில் 'ஆந்திராக்காரரே' என்று கூப்பிடுகிறார்களாம்.

தேவியைப் பார்க்கும் மருத்துவர் திருப்பதியில். அதனால் மாதம் ஒருமுறை பாபு அவளை எல்லை வரை கொண்டுவந்து விடுகிறான். நைனா நகரியிலிருந்து வந்து அழைத்துப் போகிறார். நேற்று அங்கிருந்து வீடியோவில் கூப்பிட்டான். காதை மூடிய முடி, காற்றில் முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் தமிழ்ப் பலகை, எதிரே தெலுங்குப் பலகை.

"நீயும் ஏறி வாயேன்டா, சந்தைக்கு மாட்டையா ஓட்டினு போறேன்?" என்று நைனா ஒதுங்கி நின்று கேலி செய்தது கேட்டது. தேவி, "அவுரு வேணாம் மாமா, நான் பத்திரமா வந்துடுவேன்" என்றாள்.

பஸ் கிளம்பியது. பாபு கேமராவை அந்தப் பக்கம் திருப்பினான். அங்கிருந்து எங்கள் வீடு பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். நினைத்தால் நான் இங்கிருந்து விமானம் ஏறி அந்த வீட்டில் போய் இறங்கிவிடலாம். அவனால் முடியாது.

"யக்கா, பஸ் தெரிதா?"

"வளைவுல திரும்பிடுச்சுடா."

"நான் நிக்கற எடத்துலேர்ந்து இன்னும் தெரிது" என்றான். திரையில் வெறும் சாலைதான் இருந்தது.